உமி தேடிப் பொன்னேரிக்கு ஒரு பயணம்

மண்ணெண்ணெய் விலை தாறுமாறாக ஏறியிருந்த 1974இல், தை அறுவடை முடிந்த கையோடு நான் பொன்னேரிக்குப் போனேன். கோயில் பார்க்க அல்ல, உமி பார்க்க! சிரிக்காதீர்கள். என் மனைவியின் தம்பி ஏழுமலை, கும்மிடிப்பூண்டியில் நல்ல ஃபாக்டரி வேலையை உதறிவிட்டு, உமியில் மொலாசஸ் என்கிற சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகைக் கலந்து அழுத்தி எரிகட்டி செய்யும் மிஷின் ஒன்றை அதே ஊரில் வாடகை ஷெட்டில் போட்டிருந்தான். டீக்கடை அடுப்புகளுக்கு விறகைவிட மலிவாகக் கொடுத்தால் பிழைத்தான். இல்லையென்றால் பழைய ஃபோர்மேன் முன்னால் தலையைச் சொறிய வேண்டியதுதான்.

திருவள்ளூரில் ரயிலேறி, பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, ஒன்பது மணிக்குப் பொன்னேரியில் இறங்கினேன். ஏழுமலை லாரியோடு நின்றான். நாள் வாடகை நாற்பது ரூபாய், டிரைவர் முனுசாமியின் வாய் இலவசம்.

முதல் ரைஸ்மில்லில், "வாரிக்கினு போங்க நைனா, தொல்ல வுட்டா போதும்" என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓசி எரிபொருள்! லாரி நிறைய வாரிப் போட்டோம். மார்க்கெட் டீக்கடையில் நாஷ்டா தின்றபடி, "இனி உமிதான் தங்கம்" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி முழங்கினேன். மில்காரர்கள் எல்லோரும் டீ குடிக்கிற கடை அது என்று எனக்கு எப்படித் தெரியும்?

அடுத்த லோடுக்குப் பேசப் போன இரண்டாவது மில்லின் முதலாளியம்மா சாரதா, நாங்கள் லாரியை விட்டு இறங்குமுன்பே, "மூட்டைக்கு இன்னா குடுப்பீங்க?" என்றார். ஏழுமலை என்னை முறைத்த முறைப்பில் நான் சாம்பலாகியிருக்க வேண்டும்.

முனுசாமி வேறு சிரித்தார். "லாரி ரொம்பிடுச்சி, ஆனா வெயிட்டே இல்ல. காத்தைத் தூக்கினு போறோம். வாடகைக்கே கட்டாது சார்."

ஏழுமலை உமிக் குவியலையே பார்த்துக்கொண்டு நின்றான். போச்சு, எல்லாம் என் வாயால் போச்சு என்று நினைத்தேன். திடீரென்று அவன் திரும்பினான்.

"யம்மா, உமி வேணாம். எடம் குடு. மிஷினை இங்கயே கொணாந்துடறேன். உமியா தூக்கினு போனா பேஜாரு. கட்டியா போட்டா இதே லாரியில பத்து மடங்கு போவும். வெலைக்குன்னா நான் வாங்க மாட்டேன். வேற யாரு வாங்குவா, சொல்லு."

அந்தம்மா யோசித்தார். பக்கத்து வீட்டுக்காரன் கண்ணில் உமி விழுகிறது என்று தினமும் சண்டையாம். "குப்பை காலியாவணும். அதான் வாடகை. இன்னா சொல்ற?"

அடேயப்பா! அங்கேயே அவனைக் கட்டிப்பிடித்தேன். வைக்கோலோ, உமியோ, கடலைத்தோலோ, அதைச் சுமக்கிற செலவுதான் ஆளைக் கொல்லும் என்பது அன்று எனக்கு உறைத்தது.

நீங்களும் இப்படிக் கிளம்புவதாக இருந்தால் தை, மாசியில் போங்கள். வெள்ளை வேட்டி கூடாது, பாழாகும்; உமித்தூசு பட்டு உடம்பெல்லாம் அரிக்கும். பேரம் படியும்வரை டீக்கடையில் வாயைத் திறக்காதீர்கள்.

திரும்புகையில், கும்மிடிப்பூண்டியில் பழைய ஃபாக்டரி கேட்டருகே லாரியை நிறுத்தச் சொன்னான் ஏழுமலை.

"இன்னாடா, மறுபடியும் வேலைக்கா?"

"இல்ல மாமா. வேலைய வுட்டு நின்ன அன்னிக்கு டிபன் கேரியரை உள்ளயே வுட்டுட்டு வந்தேன். திரும்பி வர்றதுக்கு ஒரு சாக்கு இருக்கட்டுமேன்னு. அதை எடுத்துக்கினு வந்துடறேன்."