ஐம்பது தப்படியில் ஐந்து குண்டு

பஞ்சு சுற்றிய விரல் ஒன்று துப்பாக்கியின் குழல்வாயை மெல்ல வளைய வந்தது. விளிம்பில் கடுகளவு பிசிர் இருந்தாலும் பஞ்சு ஒரு நூலையாவது விட்டுவிட்டுப் போகும். ஒன்றும் சிக்கவில்லை. கைகள் அடுத்து, குறி பார்க்கக் குழல் நுனியில் நிற்கும் முள்ளைப் பிடித்து அசைத்துப் பார்த்தன. அசையவில்லை. கட்டையோடு குழலைப் பிணைக்கும் இரண்டு திருகுகளும் இறுக்கமாகவே இருந்தன.

"குழல் சுத்தம், முள் சுத்தம், திருகு சுத்தம். இன்னும் எதைத் தடவிக்கிட்டு இருக்கே?" என்று கடைசல் இயந்திரத்தின் பக்கமிருந்து அண்ணன் கேட்டார். துப்பாக்கி பழுதுபார்க்கும் அந்தக் கடை அவருடையது.

"காரணம் கிடைக்கிற வரைக்கும் தடவுவேன். உனக்கென்ன?"

அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரியை துப்பாக்கி சுடும் மைதானத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் 'மறுபடி அக்கா' என்பார்கள். யார் சுட்டு எவ்வளவு நன்றாக விழுந்தாலும், "மறுபடி சுடு" என்பதுதான் அவர் சொல்லும் முதல் வார்த்தை. பதினேழு வருடம் சட்டைக் கடையில் துணி வெட்டியவர். அந்தக் கடையை மூடியபோது, வேறு வேலை கிடைக்கிற வரைக்கும் என்று சொல்லி அண்ணன் கடைக்கு வந்தார். அது ஆயிற்று இருபத்திரண்டு வருடம். யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. வந்த துப்பாக்கி ஒவ்வொன்றின் கோளாறையும் நோட்டில் எழுதி எழுதியே கற்றுக்கொண்டார். நோட்டின் முதல் பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.'

இப்போது மேசையில் கிடப்பது ஒரு பஸ் ஓட்டுநரின் துப்பாக்கி. குழல்வாய் வழியாக மருந்தைக் கொட்டி, ஈயக்குண்டைத் துணித்துண்டில் பொதிந்து கம்பியால் இறக்கிச் சுடுகிற பழைய வகை. ஐம்பது தப்படியில் ஐந்து குண்டையும் உள்ளங்கைக்குள் அடக்குகிறவர் அவர். மூன்று மாதமாகக் குண்டுகள் எள்ளை இறைத்த மாதிரி சிதறுகின்றன. துப்பாக்கியைக் கொண்டுவந்த அன்று அவர் அதைப் பற்றி அதிகம் பேசவில்லை.

"அக்கா, இதுல கோளாறு இருந்தா சந்தோஷம். இல்லேன்னா என் கண்ணுதான். பஸ்ல அம்பது உசிரை ஏத்திக்கிட்டு நான் சந்தேகத்தோட ஓட்ட மாட்டேன். பணிமனைக்குள்ளேயே வேலை குடுங்கன்னு கடுதாசி எழுதி வெச்சுட்டேன். திங்கக்கிழமை குடுத்துடுவேன்."

"டாக்டர்கிட்ட காட்டுனியா தம்பி?"

"அவர் வாயால கேக்க பயமா இருக்கு. துப்பாக்கி பொய் சொல்லாது."

அன்று வியாழக்கிழமை.

வெள்ளி காலை, வழக்கப்படி வெந்நீர் ஊற்றி, பித்தளைத் தூரிகை விட்டுக் குழலைத் தேய்த்துக் கழுவினார். சாம்பல் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ வந்தது. பழைய மெழுகு என்று நினைத்துத் துடைத்துப் போட்டார். மைதானத்தில் துப்பாக்கியை மணல்மூட்டையில் சாய்த்து, தாமே ஐந்து முறை சுட்டார். ஐந்தும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும். மறுபடி ஐந்து. அதே இடம்.

வேறொரு நாளாக இருந்தால் மகிழ்ந்திருப்பார். துப்பாக்கி நன்றாக இருந்தால் கண் கெட்டுவிட்டது என்றல்லவா அர்த்தம்! ஓட்டுநருக்குப் போன் செய்து சொன்னார்.

"துப்பாக்கியில குத்தம் இல்ல தம்பி."

"சரிக்கா. சந்தேகம் தீந்துச்சு. ரொம்ப நன்றி."

அந்த நன்றி முள்ளாகத் தைத்தது. எழுதி முடித்துவிடலாம் என்று நோட்டைத் திறந்தார். முதல் பக்கம்தான் திறந்தது. அதையே பார்த்தபடி நின்றார். பிறகு தலையில் அடித்துக்கொண்டார்.

"என்ன ஆச்சு?" என்றார் அண்ணன்.

"மருந்து என்னோடது. துணி என்னோடது. துணிக்குத் தடவுற கொழுப்பும் என்னோடது. மூணையும் ஒண்ணா மாத்திட்டு, துப்பாக்கி நல்லா இருக்குன்னு சொல்லிட்டேனே!"

"ஊருக்கெல்லாம் பாடம் எடுக்குறவ நீ!"

"வாயை மூடு அண்ணா" என்று சொல்லிவிட்டு மறுபடி போன் செய்தார். "தம்பி, நான் அவசரப்பட்டுட்டேன். நாளைக்குக் காலையில மைதானத்துக்கு வா. நீ கெட்டிக்கிற சாமான் பெட்டி அப்படியே வரணும். எதையும் எடுக்காதே, எதையும் சேக்காதே."

சனிக்கிழமை ஓட்டுநர் மனைவியோடு வந்தார். அக்கா அவர் பெட்டியிலிருந்த மருந்து, துணி, கொழுப்பு எல்லாவற்றையும் கொண்டு கெட்டித்து, மணல்மூட்டையில் சாய்த்துச் சுட்டார். ஐந்து குண்டும் ஐந்து திசை.

"பாத்தியா? என் கண்ணுக்கும் அதே கதிதான்!"

ஓட்டுநர் சிரிக்கவில்லை. "ஆறுதலுக்குச் சொல்லாதீங்கக்கா."

குழலைத் துடைத்துவிட்டு மருந்தை மட்டும் மாற்றினார். சிதறல் குறையவில்லை. துடைத்து, பழைய மருந்தையே போட்டுக் கொழுப்பை மட்டும் மாற்றினார். அப்போதும் அப்படியே. மறுபடி துடைத்து, துணியை மட்டும் மாற்றினார். ஐந்து துளைகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன.

மைதானத்தில் இருந்த மற்றவர்களைச் சுடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, அக்கா புல்லில் குனிந்து குண்டோடு பறந்து விழுந்த துணித்துண்டுகளைப் பொறுக்கினார். தம்முடையவை நடுவில் கரி படிந்து, ஓரம் குலையாமல் வட்டமாக இருந்தன. ஓட்டுநருடையவை ஓட்டை விழுந்து கிடந்தன. ஓட்டையின் ஓரத்தை நகத்தால் நெருடினார். மணிபோல் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது. அந்த மணியைச் சட்டைக் கடையில் ஆயிரம் தடவை தொட்டிருக்கிறார்.

பெட்டியிலிருந்த புதுத் துண்டிலிருந்து ஒரு நூலை உருவி, தீக்குச்சியைக் காட்டினார். பருத்தியாக இருந்தால் எரிந்து சாம்பலாகும். இது சுருண்டு, உருகி, கறுப்பு மணியாக நின்றது.

"ஏம்மா, இந்தத் துணியை யாரு வெட்டினது?"

"நான்தான்க்கா" என்றாள் மனைவி. "பழைய வேட்டி தீந்துபோச்சு. புதுசா வாங்கின போர்வை நீளமா இருந்துச்சு, ஓரத்தை வெட்டிக் குடுத்தேன். துவைச்சா சுருங்காதுன்னு கடைக்காரன் சொன்னான்."

"சுருங்காது. உருகும். பாதிக்குப் பாதி பாலியெஸ்டர். குண்டைப் பிடிக்க வேண்டிய துணி வழியிலேயே உருகி, குழலுக்குள்ள குண்டைச் சுழட்டி விடுற வரியெல்லாம் அடைச்சுக்கிட்டிருக்கு. மெழுகுன்னு நினைச்சு நானே அதைத் துடைச்சுப் போட்டேன்."

மனைவியின் முகம் வெளுத்தது. "என்னாலயா? மூணு மாசமா இவர் ராத்திரி தூங்கலைக்கா!"

ஓட்டுநர் அவளைப் பார்த்தார், துணியைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "அடிப்பாவி, ஒரு போர்வைக்காக என்னை பஸ்ஸை விட்டே இறக்கப் பாத்தியே!"

"சிரிச்சது போதும். துப்பாக்கியைப் பிடி" என்றார் அக்கா. "மூட்டை கிடையாது. உன் தோள், உன் கண்ணு."

பருத்தித் துணியில் பொதிந்து ஓட்டுநர் சுட்டார். முதல் ஐந்தும் உள்ளங்கைக்குள்.

"மறுபடி."

அடுத்த ஐந்து அதைவிட நெருக்கம்.

"மறுபடி."

மூன்றாவது ஐந்தும் விழுந்தபின், ஓட்டுநர் சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து மனைவியிடம் கொடுத்தார். அவள் எட்டாகக் கிழித்தாள்.

"கிழிச்சது சரி. ஆனா டாக்டர்கிட்டயும் ஒரு தடவை காட்டிடு" என்றார் அக்கா. "நான் பாத்தது துப்பாக்கியைத்தான்."

"இப்ப பயமில்லக்கா. திங்கக்கிழமையே போறேன்."

அக்கா துப்பாக்கியைக் கடைக்குக் கொண்டுபோய்க் கழுவினார். வரிகள் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, எண்ணெய் தடவி, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். தம் பழைய சட்டைத் துணியில் வெட்டிய வட்டங்களை ஒரு டப்பா நிறையப் போட்டு அதன்மேல் வைத்தார். பிறகு இரண்டு கையாலும் நீட்டினார்.

வாங்க வந்த ஓட்டுநரின் கை பாதி வழியில் நின்றது. "மறுபடியாக்கா?"

"போதும்" என்றார் மறுபடி அக்கா. "எடுத்துக்கிட்டுப் போ."