ரயிலில் உருவிய முருங்கைக்கீரை

ஆகஸ்ட் 12, செவ்வாய். காலையில் நடை, இட்லி, பிறகு கும்மிடிப்பூண்டியில் ஓர் ஆலையில் தணிக்கை வேலை; எல்லாம் வழக்கம்போல. மாலை திரும்பும் மின்ரயில், எக்ஸ்பிரஸ் ஒன்றுக்கு வழிவிட்டுக் கவரைப்பேட்டையில் நிற்கிறது.

எதிர் இருக்கையில் கம்பெனிச் சீருடையில் ஒரு பெண், மடியில் துப்பட்டாவை விரித்து முருங்கைக்கீரை உருவுகிறாள். ஷிப்ட் முடிந்து போகும் பெண்கள் பலரும் இப்படி ரயிலிலேயே சமையலைத் தொடங்கிவிடுகிறார்கள்.

"வண்டிய எப்ப சார் எடுப்பான்? ஏழு மணிக்கு எங்க ஊட்டுக்காரரு நைட் ஷிப்ட் போயிடுவாரு. பொரியல் ஆவலன்னா கடையில பரோட்டா துன்னுவாரு. அவருக்கு சுகரு வேற," என்கிறாள்.

பக்கத்துப் பெண்கள் ஆளுக்கொரு கொத்து எடுக்கிறார்கள். நானும் எடுத்து, ஒவ்வோர் இலையாகக் கிள்ளுகிறேன்.

"இன்னா சார், பூ கட்றியா? காம்பப் புட்ச்சு ஒரே இழுப்பா இழு!" என்கிறாள் எதிர் இருக்கைப் பெண்.

பெட்டியே சிரிக்கிறது. பொன்னேரி வருவதற்குள் கீரை முடிந்துவிடுகிறது. பிளாட்பாரத்தில் அவள் கணவர் பைக் சாவியோடு நிற்கிறார்.

"பருப்ப வேக வெச்சிட்டுதான் வந்தேன், வா சீக்கிரம்," என்று கீரைப் பையை வாங்கிக்கொள்கிறார்.

புதன் காலை எழுந்ததும் முதல் வேலையாக, மனைவி கையிலிருந்த வெண்டைக்காயை வாங்கி நறுக்குகிறேன்.