கட்டிலின் மறுபக்கம்

எங்கள் வீட்டில் அவளுக்குப் பெயர் சிஸ்டர். கட்டிய கணவனே, அதாவது என் தம்பியே, "சிஸ்டர், என் சாவி எங்க?" என்றுதான் கேட்பான். புதிதாக வருகிறவர்கள் முதலில் திகைத்துப் போவார்கள். பிறகு அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்து, கிளம்பும்போது வாசலில் நிறுத்திவைத்துத் தலைவலிக்கு எந்த மாத்திரை, கால் வீக்கத்துக்கு யாரைப் பார்க்கலாம் என்று கேட்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நான் தையல்காரி, என்னை யாராவது வாசலில் நிறுத்திப் பட்டன் தைக்கச் சொல்கிறார்களா? அவளோ ஒரு காலில் செருப்பை மாட்டியபடியே நின்று பொறுமையாகப் பதில் சொல்லுவாள்.

நான் அவளுக்கு நாத்தனார். என் வீட்டுக்காரர் போன பிறகு, தம்பி வீட்டு முன்னறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நாத்தனார் என்றால் குற்றம் கண்டுபிடிக்க வேண்டும் அல்லவா, நானும் ஆசையாகத்தான் முயற்சி செய்தேன். ஆள் வீட்டில் இருந்தால்தானே குற்றம் சொல்ல? எல்லோரும் எழுந்திருக்கும்போது அவள் கிளம்பியிருப்பாள், இல்லையென்றால் அப்போதுதான் வந்து படுத்திருப்பாள். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட நேர்ந்தால் இன்னும் மோசம். வார்டில் ஒருவருக்கு முதுகில் வந்த புண் எப்படி ஆறுகிறது என்பதைக் கைச்சோறு வாய்க்குப் போகும் நேரம் பார்த்து விவரிப்பாள். புண் ஆறுகிறது என்ற சந்தோஷத்தில் எங்கள் முகம் போகிற போக்கு அவள் கண்ணில் படாது.

அவள் வேலை பார்த்தது எழுந்து நடக்க முடியாதவர்கள் படுத்திருக்கும் வார்டில். அங்கே வேலையில் பாதி, தூக்குவதும் புரட்டுவதும்தான். தலைப்பக்கம் உயர்த்தி வைத்த கட்டிலில் மனிதர்கள் மெல்ல மெல்லக் கால்பக்கம் சறுக்கி வந்துவிடுவார்கள். மார்பு மடங்கி மூச்சு முட்டும். அவர்களை மறுபடி மேலே ஏற்றிவிட வேண்டும். இடுப்புக்கு அடியில் மடித்துப் போட்ட விரிப்பின் ஓரத்தை, கட்டிலின் இந்தப் பக்கம் ஒரு நர்சும் அந்தப் பக்கம் ஒரு நர்சும் சுருட்டிப் பிடித்து, ஒரே நேரத்தில் நகர்த்துவது முறை. நர்சிங் படிப்பில் ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுப்பது இது. படித்து முடித்து வார்டுக்குள் நுழைந்ததும் எல்லோரும் முதலில் மறப்பதும் இதைத்தான். அந்தப் பக்கம் நிற்க ஆள் இருக்காது. இருக்கும் ஒருத்தியையும் வேறு வார்டுக்கு அனுப்பியிருப்பார்கள். வரட்டும் என்று காத்திருப்பதற்குள் தானே இழுத்துவிட்டால் வேலை முடிந்தது என்று தோன்றும். தோன்றியபடியே செய்வார்கள்.

அவளும் அப்படித்தான் செய்தாள். ஒரு மத்தியானம், ஆள் நல்ல கனம், சறுக்கி வந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டுப் பார்த்தாள், யாரும் வரவில்லை. கட்டிலின் தலைப்பக்கம் போய் அவர் அக்குளுக்குள் கை கொடுத்து ஒரே இழுப்பாக இழுத்தாள். அவர் மேலே போனார், இவள் இடுப்பில் ஏதோ விட்டுப்போனது. அதோடு போய் உட்கார்ந்தாளா என்றால் அதுவும் இல்லை. பாக்கிக் கட்டில்களுக்கெல்லாம் மருந்து கொடுத்து முடித்து, அடுத்த ஷிப்டு நர்சிடம் ஒவ்வொரு நோயாளியைப் பற்றியும் சொல்லி ஒப்படைத்துவிட்டு, பிறகுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு தனக்கு வலிக்கிறது என்று சொன்னாள். கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு அவள் படுத்திருந்ததால் தப்பித்தாள்.

மாதக்கணக்கில் படுக்கை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வேளாவேளைக்கு மருந்து கொடுத்தவளுக்கு நான் மருந்து கொடுத்தேன். நல்ல நர்ஸ், படுமோசமான நோயாளி. தண்ணீர் கொடுத்தால் டம்ளரை நான் பிடித்த விதத்தில் தப்பு, தலையணை வைத்தால் கோணத்தில் தப்பு. பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப் போன முதல் நாள் மட்டும் எதுவும் சொல்லவில்லை, அழுதாள். இத்தனை பேருக்கு இதைச் செய்திருக்கிறேன், அவர்களுக்கு இவ்வளவு கூச்சமாக இருந்திருக்கும் என்று தெரியாமல் போச்சே என்று அழுதாள். எனக்கும் தாங்கவில்லை. என் பங்குக்கு அவளைத் திட்டினேன்.

நடக்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். மேட்ரன், அதாவது நர்சுகளுக்கெல்லாம் தலைவி, நல்லவிதமாகத்தான் பேசினாராம். சலவைக்குப் போய்வரும் விரிப்பும் தலையணை உறையும் அடுக்கி வைக்கும் அறையைப் பார்த்துக்கொள்ளலாம், உட்கார்ந்த வேலை, பகல் நேரம் மட்டும் என்றாராம். வார்டுதான் வேண்டும் என்றால் மேட்ரனும் டாக்டரும் பார்க்க, ஒரு நோயாளியைத் தனியாக மேலே ஏற்றிக் காட்ட வேண்டும். முடிந்தால் வார்டு. முடியாவிட்டால் துணி அறை, அதுவும் ஓய்வு பெறும்வரை. அப்புறம் பேச்சே கிடையாது.

வீட்டில் மூன்று பேரும் துணி அறைக்கே ஓட்டுப் போட்டோம். தம்பி பஸ் ஓட்டுகிறவன், இடுப்பு வலி என்றால் என்ன என்று அவனுக்குத் தெரியும். அவர்கள் பெண் பள்ளிக்கூடத்தில் மேல் வகுப்பு. அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீ படுத்திருந்தப்பதான்மா நல்லா இருந்துச்சு. ஸ்கூல்ல இருந்து வந்தா வீட்டுல இருந்த."

சாப்பிட்டுக்கொண்டிருந்த எனக்கு அப்படியே விக்கியது. சிஸ்டர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் பாட்டுப் போட்டி, பரிசளிப்பு, காய்ச்சல் எல்லாவற்றுக்கும் நான்தான் போயிருக்கிறேன். ஊரார் பிள்ளைக்குக் காய்ச்சல் பார்க்கப் போனவளின் பிள்ளைக்கு நான் நெற்றியில் ஈரத்துணி போட்டிருக்கிறேன். அது அவளுக்கும் தெரியும்.

"துணி ரூமுக்குப் போனா தினமும் சாயங்காலம் வீட்டுல இருப்பேன்," என்றாள் மகளிடம். "ஆனா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் இருப்பேன். எனக்குத் தெரிஞ்சது அந்த வேலைதான் கண்ணு. என்னை ஒருதடவை முயற்சி பண்ணவாவது விடு."

பெண் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். ஆனால் மறுநாள் சாயங்காலம் பள்ளியிலிருந்து வந்ததும் புத்தகப் பையை எறிந்துவிட்டு, "அத்தை, போய்க் கட்டில்ல படு. அம்மாவுக்கு ஆள் வேணும்," என்றாள். ஏன் நான்? ஏனென்றால் இந்தக் குடும்பத்தில் எடை என்று சொல்லிக்கொள்ளும்படி இருப்பது நான் ஒருத்திதான். அதை அந்தக் கழுதை வாய்விட்டே சொன்னது.

அன்றிலிருந்து தினமும் நான் நோயாளி. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித்தருகிற பெண் கொடுத்த அசைவுகளையெல்லாம் செய்து முடித்துவிட்டு, சிஸ்டர் என்னிடம் வருவாள். கால்பக்கமாகச் சறுக்கிப் படுக்க வேண்டும், கையைக் காலை ஊன்றி உதவக் கூடாது. "மாவு மூட்டை மாதிரி கிடங்க அண்ணி," என்பாள். நான் கிடப்பேன். சில நாள் அப்படியே தூங்கியும் விடுவேன். முதலில் என்னை அசைக்கவே முடியவில்லை. பிறகு முழங்காலை மடக்கி, இடுப்பை வளைக்காமல், தன் உடம்புப் பாரத்தைப் பின்னால் சாய்த்து, விரிப்போடு சேர்த்து என்னை அங்குலம் அங்குலமாக நகர்த்தப் பழகினாள். வியர்த்துக் கொட்டும், உதட்டைக் கடித்துக்கொள்வாள், ஆனால் விடமாட்டாள். ஒருநாள் தனியாகவே ஒரே மூச்சில் என்னைத் தலையணை வரைக்கும் ஏற்றிவிட்டாள். மகள் கைதட்டினாள். தம்பி நம்பாமல் மறுபடி செய்து காட்டச் சொன்னான், செய்து காட்டினாள். இனி துணி அறைக்கு வேறு ஆள் பார்க்கட்டும் என்று நான் வீதியெல்லாம் பெருமை அடித்தேன்.

சோதனை நாளில் துணைக்கு நானும் போனேன். வார்டு வாசலில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறந்திருந்ததால் உள்ளே நடப்பது தெரிந்தது. வேலைக்குப் புதிதாக வந்திருந்த ஒரு நர்ஸ், ஒடிசலான பெண், ஒரு கட்டிலின் தலைப்பக்கம் நின்று ஒரு பெரியவரை அக்குளுக்குள் கை கொடுத்துத் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். இழுத்து முடித்து, யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் இடுப்பை அழுத்திக்கொண்டாள். அப்புறம் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்தாள். வீட்டிலிருந்து கிளம்பும்போது இருந்த முகம் இப்போது இல்லை.

எங்களை வார்டை ஒட்டிய ஓர் அறைக்குள் கூப்பிட்டார்கள். காலியாக ஒரு கட்டில் போட்டிருந்தார்கள். டாக்டர் அவசரத்தில் இருந்தார், கடிகாரத்தையே பார்த்தார். நிஜ நோயாளியை வைத்துச் சோதனை செய்வது சரியில்லை, யாராவது படுக்க வேண்டும் என்றார் மேட்ரன். சொல்லிக்கொண்டே அறையைச் சுற்றிப் பார்த்தவரின் கண் என்மேல் வந்து நின்றது. அந்தப் பார்வையின் அர்த்தம் எனக்குப் புரியாமல் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்ப் படுத்தேன். உள்ளுக்குள் ஒரே குஷி. வீட்டில் நூறு தடவை ஏற்றிய அதே மூட்டைதானே, இனி கவலை இல்லை என்று கால்பக்கமாகச் சறுக்கி, கண்ணை மூடிக் கிடந்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தேன். சிஸ்டர் என் இடுப்புக்கு நேராக நின்று விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடித்திருந்தாள். இழுக்கவில்லை.

"அந்தப் பக்கம் ஆள் வேணும் மேடம்," என்றாள்.

டாக்டருக்கு எரிச்சல். தனியாக முடியுமா என்று பார்க்கத்தானே இந்த ஏற்பாடு, வார்டில் எப்போதும் இரண்டு பேர் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டார். படுத்தபடியே அவளைப் பார்த்து முறைத்தேன், கண்ணாலேயே கெஞ்சினேன். உன்னால்தான் முடியுமேடி, ஒரு தடவை இழுத்துத் தொலையேன் என்று கத்த வேண்டும் போல இருந்தது. நோயாளி பேசக் கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"என்னால தனியா முடியும் டாக்டர். இவங்களையே வீட்டுல தனியா ஏத்தியிருக்கேன், கேட்டுப் பாருங்க," என்றாள். "ஆனா இன்னைக்கு நான் ஏத்திக் காட்டினா, ஒரு ஆள் போதும்னு ஆயிடும். நாளைக்கு அதே மாதிரிதான் என்னைச் செய்யச் சொல்வீங்க. வெளிய ஒரு சின்னப் பொண்ணு இப்பவே இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் தனியா தூக்க மாட்டேன். துணி ரூமுக்கு அனுப்புறதா இருந்தா அனுப்பிடுங்க."

சொல்லிவிட்டாள். இத்தனை நாள் பட்ட பாடு, மகள் கைதட்டியது, எல்லாம் போச்சு என்று எனக்குக் கண்ணீர் வந்து காதுப்பக்கம் வழிந்தது. அவள் விரிப்பை விடவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். டாக்டர் பேனாவைத் திறந்தார்.

மேட்ரன் அவரை இருக்கச் சொல்லிக் கை காட்டினார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கட்டிலைச் சுற்றி நடந்து வந்து எனக்கு அந்தப் பக்கம் நின்றார். குனிந்து விரிப்பின் ஓரத்தைச் சுருட்டிப் பிடிக்கும்போது அவர் வாயிலிருந்து ஒரு சின்ன முனகல் வந்தது. என் முகத்துக்கு அருகில் அவர் முகம் இருந்ததால் அது எனக்குக் கேட்டது. சிஸ்டருக்கும் கேட்டிருக்க வேண்டும். முழங்காலை மடக்குங்க மேடம், இடுப்பை வளைக்காதீங்க என்று மெதுவாகச் சொன்னாள். மேட்ரன் சொன்னபடி செய்தார்.

சிஸ்டர் மூன்று எண்ணினாள். நான் மேலே போய்விட்டேன். வீட்டில் அவள் தனியாக இழுக்கும்போது எனக்கும் முதுகு தேயும், தோள் உரசும். இப்போது ஒன்றுமே தெரியவில்லை, கண் திறந்தால் தலை தலையணையில் இருந்தது.

மேட்ரன் உடனே நிமிரவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"எனக்கும் இடுப்பு இப்படித்தான் போச்சு. உன் வயசுல," என்றார் சிஸ்டரிடம். "வார்டை விட்டு எடுத்துடுவாங்கன்னு பயந்து நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்லல."

சிஸ்டர் என்னைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், அவர் முழங்கையைத் தாங்கிப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தாள். டாக்டர் திறந்த பேனாவோடு, என்ன எழுதட்டும் என்று மேட்ரனைக் கேட்டார்.

"திங்கக்கிழமையில இருந்து வார்டுன்னு எழுதுங்க," என்றார் மேட்ரன். "முதல்ல வெளிய நிக்கிற அந்தப் பொண்ணை உள்ள கூப்பிடுங்க. அவளுக்கு எங்க வலிக்குதுன்னு கேக்கணும்."