சிபியு பெட்டிக்குத் தைத்த வெல்வெட் உறை

சுனாபட்டியைத் தாண்டி சயானை நெருங்கும்போது சிபியு பெட்டி என் தலையில் இருந்தது. பெட்டியோடு ஏறக்கூடாது என்று பஸ் கண்டக்டர் சொல்லிவிட்டார். செம்பூரிலிருந்தே நடைதான். பெட்டிக்குச் சொந்தக்காரரான அக்கா, வயர்களைச் சுருட்டி வைத்த பையோடு பின்னால் வந்துகொண்டிருந்தார்.

"வீடு வரைக்கும் வாரீங்களே தம்பி, சேட்டு ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"சொல்ல மாட்டாரு."

இனிமேல் சொல்வதற்கு ஒன்றுமில்லை. கிளம்புவதற்குச் சற்று முன்புதான் சேட்டு கடை வேலையை விட்டிருந்தேன். அதைச் சொன்னால் பெட்டியை என்னிடமிருந்து வாங்கித் தானே சுமப்பார் என்று தோன்றியதால் சொல்லவில்லை.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் கடை அது. அதற்கு முன் காட்கோபரில் மொபைல் கடை. அதற்கும் முன் விக்ரோலியில் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் பில்டர் மாட்டினேன். கொஞ்ச நாள் பொருட்காட்சியில் ராட்டினம் சுற்றினேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஒரு வேலை கைக்குப் பழகியதும் அடுத்த இடம் பார்க்கத் தோன்றிவிடும். அன்றைக்கு அக்கா தன் பெட்டியோடு கடைக்கு வந்தார். சேட்டு அதைத் திறக்காமலேயே, "இது காலி டப்பா, புதுசு வாங்கிக்கோ" என்றார். அக்காவின் முகம் சுருங்கியது. "திறந்து பாத்துட்டுச் சொல்லலாமே" என்று நான் சொன்னேன். வந்தவர்கள் முன்னால் சொல்லக்கூடாத பேச்சு. சேட்டு பதிலுக்குச் சொன்னதையெல்லாம் கேட்டு முடித்துவிட்டு என் ஸ்க்ரூடிரைவர் பையை எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கே வந்து பழுது பார்க்கத்தான் கிளம்புகிறேன் என்று அக்கா நினைத்துக்கொண்டார்.

அக்கா நடந்துகொண்டே தன் கதையைச் சொன்னார். தாராவியில் ஒரு எம்பிராய்டரி பட்டறையில் நூல் வெட்டும் வேலை. காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே வெட்ட வேண்டும். அங்கே டிசைன் போடுகிறவர் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே அவரும் கற்றுக்கொண்டார். ஏதோ ஆபீசைக் காலி செய்தபோது இந்தப் பழைய கம்ப்யூட்டரை வாங்கி வீட்டில் வைத்துப் பழகினார். இப்போது டிசைன்காரர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ரவிக்கைக் கைக்கு ஒரு மயில் டிசைன் போட்டுக் கொடுத்தால் அந்த நாற்காலி உனக்கு, இல்லாவிட்டால் வெளியாள் வருவான் என்று முதலாளி சொல்லியிருக்கிறார்.

"பகல் பூராவும் பட்டறை. ராத்திரி கண்ணு சொருகிரும். விடியக்காலம்தான் எனக்குன்னு கெடைக்கிற நேரம். அந்த நேரம் பாத்து இந்தச் சனியன் அணைஞ்சுபோவுது."

தாராவிக்குள் நுழைந்ததும் பழைய சாமான் குடோன் ஒன்றில் நின்றோம். உடைத்துப் போட்ட கம்ப்யூட்டர்கள் குவியலாகக் கிடந்தன. அக்கா பேரம் பேசிக்கொண்டிருக்க, நான் பொருந்தக்கூடிய ராம் மெமரி ஒன்றையும், வேகமான எஸ்எஸ்டி டிஸ்க் ஒன்றையும், பெரிய மெஷினிலிருந்து கழற்றிய நல்ல விசிறி ஒன்றையும் பொறுக்கினேன்.

அக்காவின் வீடு மாடியில் ஓர் அறை. இரும்புத் தகடு பதித்த தரை. தரையில் ஆள் நுழையும் அளவுக்கு ஒரு துளை, அதிலிருந்து கீழே செங்குத்தாக ஓர் ஏணி. கீழ் அறையில் இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி இருந்தார். நாங்கள் போனபோது மத்தியானம். பெரிய அலுமினியக் கொப்பரைகள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அவர் அரிசி மூட்டைமேல் சாய்ந்து அரைத்தூக்கத்தில் இருந்தார்.

"செம்பூருல இருந்து எஞ்சினியரக் கூட்டியாந்திருக்கா" என்றார் கண்ணைத் திறக்காமலே.

துளைக்கு ஓரமாகப் பெட்டி இருந்த இடத்தைக் காட்டிவிட்டு, அக்கா கொடியிலிருந்து ஒரு வெல்வெட் உறையை எடுத்து வந்தார். கருஞ்சிவப்பு. நடுவில் மயில், தோகையில் ஜிகினா நூல். பெட்டியின் அளவுக்குக் கச்சிதமாக அவரே தைத்தது.

"ஓடும்போது இதக் கழட்டிருவீங்கள்ல?"

"கழட்டுனா தூசி போயிருமே!"

"கழட்டலன்னா அதுக்கு மூச்சு முட்டும்க்கா."

நம்பாமல்தான் உறையை மடித்து வைத்தார்.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினேன். உள்ளே தூசி இருக்கும் என்று தெரியும். கடையில் தினமும் பார்ப்பதுதான், பிரஷ்ஷால் தட்டினால் புகையாகப் பறக்கும். இது பறக்கவில்லை. நூல் பிசிறும் ஊதுபத்திப் புகையும் சேர்ந்து இறுகி, விசிறிக்குக் கீழே அடைபோல் ஒட்டியிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் ஒரே வில்லையாக வந்தது. "மழைக்காலம்லா, ஈரம்" என்றார் அக்கா. நானும் அதற்குமேல் யோசிக்கவில்லை. பிராசசர் மேல் பூசும் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது. சுரண்டித் துடைத்துப் புதுப் பேஸ்ட் வைத்தேன், துவரம்பருப்பு அளவு. குடோன் விசிறியை முறுக்கினேன். ராமைச் செருகினேன். சாப்ட்வேரையெல்லாம் எஸ்எஸ்டிக்கு மாற்றி முடிக்கும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

சுவிட்சைப் போட்டதும் அக்கா வழக்கம்போல டீ போட எழுந்தார். அவர் ஸ்டவ்வைப் பற்ற வைப்பதற்குள் திரை வந்துவிட்டது. முன்பு தோகை ஒவ்வொரு இறகாக வருமாம். இப்போது மயில் முழுசாக நின்றது. அக்கா பெட்டிக்குப் பின்னால் கையை வைத்துப் பார்த்து, "காத்து வருது தம்பி" என்றார். அவர் தூங்கப் போகும்வரை அது அணையவில்லை. அண்ணாச்சி எனக்குச் சோறு போட்டு, மூட்டைகளுக்கு நடுவில் படுக்க இடமும் கொடுத்தார்.

விடியற்காலையில் நான் விழித்தபோது அண்ணாச்சியின் கொப்பரைகள் கொதித்துக்கொண்டிருந்தன. மேலேயிருந்து அக்காவின் குரல்: "தம்பி, மறுபடி செத்துட்டு."

என் பேஸ்ட்டைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன். ஏணியின் மேல்படியில் கை வைத்ததும் எடுத்துவிட்டேன். சுட்டது. மாடித் தரையில் நிற்க முடியாமல் கால் மாற்றிக் குதித்தேன். சுவரில் நீர் வழிந்தது. அக்கா அந்தத் தரையில் ஒரு சாக்கைப் போட்டுச் சாதாரணமாக உட்கார்ந்திருந்தார்.

"உங்களுக்குச் சுடலையாக்கா?"

"எது?"

ஏணித் துளை வழியாக ஆவி மூச்சுவிடாமல் மேலே வந்துகொண்டிருந்தது. முந்தின நாள் நான் மாட்டிய விசிறி அதைத்தான் இழுத்து இழுத்துப் பெட்டிக்குள் நிரப்பியிருக்கிறது. ஏசி போட்ட செம்பூர் கடையில் இந்தப் பெட்டி நாள் முழுக்க ஓடியிருக்கும். அதற்கு ஒரு வியாதியும் இல்லை.

கீழே இறங்கினேன். "அண்ணாச்சி, உங்க ஆவியெல்லாம் மேலதான் போவுது."

"பின்ன, கீழயா போவும்?"

"அக்கா கம்ப்யூட்டர் வெந்துபோவுது."

"இட்லி வெந்துட்டான்னு பாக்கவே எனக்கு நேரமில்ல. நீ என்னல, கம்ப்யூட்டர் வேவுதுங்குற!" என்றவர், தாடையால் மூலையைக் காட்டினார். கூம்பு வடிவத்தில் ஒரு தகரக் கூடும் நீளக் குழாயும் கிடந்தன. மேலே துண்டு காய்ந்தது. "ஆவி வெளிய போகணும்னுதான் வாங்கிப் போட்டேன். சைக்கிள்ல லைனுக்குப் போயி இட்லி விக்கிற பய ஊருக்குப் போயிட்டான். நானே வித்துட்டு வந்து, அரிசி ஊறப்போட்டு, ஆட்டி… இதுல எப்ப ஏறி மாட்ட?"

அக்காவின் தலை துளையில் தெரிந்தது. "இன்னைக்கு லைனுக்கு வேற ஆளு போனா மாட்டிருவீகளா?"

"மாட்டுவேன். யாரு போவா? உன் மயிலா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்கு இட்லி விக்கத் தெரியாது" என்றேன்.

"கம்ப்யூட்டர் மட்டும் தெரிஞ்சிச்சாக்கும்" என்றார் அண்ணாச்சி.

அக்காவுக்குத்தான் மனம் கேட்கவில்லை. "அவருக்குக் கடை இருக்கு. சேட்டு தேடுவாரு."

"தேட மாட்டாருக்கா. அந்த வேலைய நேத்தே விட்டுட்டேன்."

"நேத்து எப்போ?"

"உங்க பெட்டியத் தூக்குறதுக்கு முன்னாடி."

"அப்போ வேலவெட்டி இல்லாத பயலுக்கா ராத்திரி சோறு போட்டேன்" என்று சொல்லி அண்ணாச்சி சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. இறங்கி வந்து, சைக்கிளில் இட்லிப் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டிருந்த எனக்கு எதிரே நின்றார். கையில் அந்த வெல்வெட் உறை.

"பெட்டிக்குத்தான ஆகாதுன்ன. இதுக்குச் சூடு தங்கணும்லா" என்று உருண்டைப் பாத்திரத்தின்மேல் அதை இழுத்து மாட்டினார். மயில் கொஞ்சம் அகலமாகிவிட்டது. முந்தின நாள் முழுக்க 'நீங்க' என்றவர் 'நீ' என்று மாறியதைத் தெருமுனை தாண்டிய பிறகுதான் கவனித்தேன்.

சட்னி கேன் இடிக்க இடிக்க, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மாட்டுங்கா வந்து கிங்ஸ் சர்க்கிள் பக்கம் திரும்பினேன். ரப்பர் ஹாரனை அமுக்கினேன். முதல் தடவை சத்தமே வரவில்லை, இரண்டாம் தடவை நாய் ஓடியது. துணிக்கடை வாசலில் இருந்த வாட்ச்மேன் உறையைப் பார்த்துவிட்டு, "அண்ணாச்சி எங்க? இது என்ன, கல்யாண இட்லியா?" என்றார்.

அந்த நேரத்தில் போனில் அக்காவின் குரல் பதிவு வந்தது. முதலில் சுத்தியல் சத்தம். பிறகு அக்கா கத்தினார்: "தம்பி, பைப்பு மாட்டியாச்சு. சரியா இருக்கான்னு பாக்க ஒரு ஈடு அவிச்சாரு. ஆவி தெருவுக்குப் போவுது. பெட்டி ஓடிட்டே இருக்கு. பட்டறைக்கு லேட்டாத்தான் போவப்போறேன். கழுத்து வரைக்கும் முடிச்சிட்டேன், இன்னும் தோகைதான். அண்ணாச்சி சொல்லச் சொன்னாரு, நாளைக்கும் லைனுக்கு நீதானாம்."

வாட்ச்மேன் தட்டை நீட்டிக்கொண்டு நின்றார். உறையைக் கழற்றி மூடியைத் திறந்தேன். ஆவி முகத்தில் அடித்தது.

"எத்தனை வைக்கட்டும்?" என்றேன்.