ஊசித் தலையில் நெருப்பு

அண்ணன் பிரஷர் பார்த்துக்கொள்வதற்கு ஒரு முறை உண்டு. முதலில் இடக்கையில் பட்டையைச் சுற்றி ஒரு தடவை. வந்த எண் பிடிக்கவில்லையென்றால் மெஷினைக் கவிழ்த்து அடியில் இரண்டு தட்டு, பிறகு வலக்கை. அதுவும் சரியில்லையென்றால் மெஷின்மேல் சந்தேகம் வந்துவிடும். உடனே அண்ணியின் கை, அடுத்து என் கை. எங்களுக்கு ஒழுங்காகக் காட்டினால் அதற்கும் கோபம்.

"இவங்களுக்கு மட்டும் நூத்திப்பத்து. எனக்கு மட்டும் என்ன ஓரவஞ்சனை?" என்று மெஷினிடமே கேட்பார்.

அண்ணன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். இருபது வருடமாக வானத்தில் உட்கார்ந்து கப்பலிலிருந்து பெட்டி இறக்கியவர். இந்த வருடச் சோதனையில் மேல் எண் நூற்று அறுபத்தெட்டு வந்ததும், கம்பெனி டாக்டர் அவரைத் தரையிறக்கி ஸ்டோரில் உட்காரவைத்துவிட்டார். ஆறு வாரத்தில் மறுசோதனை. நூற்று நாற்பதுக்குக் கீழே வந்தால் கிரேன். வராவிட்டால் ஓய்வு பெறும்வரை நட்டும் போல்ட்டும்தான்.

"நாலு வருஷமா மாத்திரை சாப்பிட்டுமா ஏறுது?" என்றாராம் டாக்டர். "அப்ப டென்ஷன்தான்."

அந்த ஒரு சொல்லை வீட்டுக்குத் தூக்கிவந்து எங்களையெல்லாம் டென்ஷனாக்கினார். மிக்ஸி ஓடக் கூடாது. நாற்காலி இழுபடக் கூடாது. மூலையில் நான் கவிதைப் புத்தகத்தில் பக்கம் திருப்பினால்கூட, "டேய், யாருடா அது சரசரன்னு?"

அண்ணிதான் பொறுக்கமாட்டாமல் எங்கேயோ விசாரித்து, அக்குபங்சரில் சூட்டு ஊசி வைக்கும் டாக்டரம்மாவைக் கண்டுபிடித்தார். நாற்பது மீட்டர் உயரத்துக்கு அசராத மனுஷனுக்கு ஊசியென்றால் உதறல். துணைக்கு நான்.

முழங்காலுக்குக் கீழே இரண்டு, பாதத்தில் இரண்டு. மயிரைவிடக் கொஞ்சம் தடித்த ஊசிகள். தோலின்மேல் ஒரு அட்டைத் துண்டை வைத்து, முழங்காலுக்குக் கீழுள்ள ஊசியின் தலையில் காய்ந்த மூலிகை உருண்டையைச் செருகிப் பற்றவைத்தார் டாக்டரம்மா. அது சிவந்து, மெல்லப் புகைந்தது.

"சூடு ஊசி வழியா உள்ள இறங்கும். இதமா இருக்கணும், சுட்டா சொல்லுங்க."

"பிரஷர் இறங்குமா?"

"சிலருக்கு இறங்கியிருக்கு. மனசு தளர்ந்தா ரத்தக்குழாயும் தளரும்னு சொல்றாங்க. ஆராய்ச்சி நடக்குது, அடிச்சுச் சொல்ற அளவுக்கு இன்னும் வரல. மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க."

"எத்தனை பாயிண்ட் இறங்கும்?"

"பேசாம படுத்தீங்கன்னா பாக்கலாம்."

அவர் பேசாமல் படுப்பதாவது! இரண்டு நிமிடம் தாங்கவில்லை. "டேய் தம்பி, புகை எந்தப் பக்கம் சாயுது? காத்து திரும்புதா பாரு."

"ஐயா, இங்க கப்பல் எதுவும் வரல. கண்ணை மூடுங்க."

எனக்கு அந்த அறையின் தரை பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொண்டால் தேவலை என்றிருந்தது. நான்காவது நாள்வரை இதே கூத்து. ஐந்தாவது நாள் ஊசி ஏறி, உருண்டை சிவந்த சற்று நேரத்தில் அறையில் குறட்டை கேட்டது. எழுந்ததும் டாக்டரம்மா அளந்தார்: நூற்று நாற்பத்தாறு. அண்ணன் வழக்கம்போல மெஷினைக் கவிழ்த்துத் தட்டப் போனார். டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டார்.

மறுசோதனையில் நூற்று முப்பத்தாறு. கையெழுத்து வாங்கிய காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு தெரு முழுக்க நடந்தார்.

"ஊசிதான்," என்றார் அண்ணி. "ஸ்டோர்ல டென்ஷன் இல்ல, அதான்," என்று கம்பெனி டாக்டர் சொன்னாராம். அண்ணன் மட்டும், "நான்தான் அப்பவே சொன்னேனே, பழைய மெஷின் கோளாறு," என்றார். அண்ணி கையிலிருந்த கரண்டியை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

கிரேன் ஏறிய பத்தாம் நாள் எண் மறுபடியும் நூற்று அறுபது. விடிந்தும் விடியாமலும் என் கையில் பட்டை. ஊசிக்கு இன்னும் போய்க்கொண்டுதான் இருந்தார், குறட்டையும் விட்டுக்கொண்டுதான் இருந்தார்.

"என்னங்க, இன்னும் எதைத்தான் செய்யணும்கிறீங்க?" அண்ணியின் குரல் உடைந்தது. "நானும் போய்ப் படுத்து ஊசி குத்திக்கவா?"

கிரேனுக்குக் கீழே நின்று அண்ணனுக்குக் கைச்சாடை காட்டும் ஆளை முடிதிருத்தும் கடையில் தற்செயலாகப் பார்த்தேன். மாத்திரை சாப்பிட்டும் பிரஷர் ஏறுகிறதே என்று பேச்சு கொடுத்தேன். அவர் கண்ணாடிக்குள்ளிருந்தே சிரித்தார்.

"மாத்திரையா? உங்க அண்ணனா? அதைப் போட்டா அரை மணிக்கு ஒரு தரம் ஒண்ணுக்கு வருதாம்பா. கேபின்லேர்ந்து இறங்க நூத்திப்பன்னெண்டு படி, ஏற நூத்திப்பன்னெண்டு படி. டூட்டி நாள்ல அவரு அதைத் தொட்டதே கிடையாது."

ஸ்டோரில் உட்கார்ந்த அந்த ஆறு வாரம்தான், நாலு வருடத்தில் அவர் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்ட காலம். ஸ்டோருக்கு அடுத்த கதவு கழிப்பறை.