மெஷின் சொன்ன அறுநூறு

தம்புசாமிக்கு லோரிதான் உயிர். கிள்ளான் துறைமுகத்துக்கும் செராஸுக்குமாக இத்தனை வருஷம் ஓட்டிய மனிதரிடம் போய், "அங்கிள், இனிப்புநீர், அதான் சக்கர வியாதி, ஏறிக் கெடக்கு. மூணு மாசத்துல எடையக் கொறச்சாத்தான் லைசன்சுக்குக் கையெழுத்துப் போடுவேன்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்று லோரிச் சாவியை வீட்டு ஆணியில் மாட்டினார். பார்த்துக்கொண்டிருந்த மனைவி இராஜம்மா உடனே தம்பிக்குப் போன் போட்டாள்.

அவள் தம்பி சபாபதிதான் ஓடும் மெஷினைக் கொண்டுவந்து இறக்கினான். பெட்டாலிங் ஜெயாவில் ஏதோ ஹோட்டலை மூடியபோது மலிவாகக் கிடைத்ததாம். ஏறியதும் அது எடையைக் கேட்டது. பழைய இரும்புக் கடைத் தராசில் ஏறி நின்று பார்த்துவந்த நூற்றைம்பதைத் தம்புசாமி தட்டிவிட்டார்.

அன்றிலிருந்து சாயங்காலமானால் வீடு அதிரும். மனுஷன் வியர்வையில் நனைந்து இறங்குவார்.

"எவ்ளோ காட்டுது?"

"அறுநூறு கலோரிங்க!" நாலு நம்பர் லாட்டரி அடித்ததுபோல இராஜம்மா கத்துவாள்.

பரோட்டாபோல எண்ணெயில் சுட்ட ஒரு ரொட்டி சானாய்க்கு முந்நூறு கலோரி என்று சபாபதி சொல்லியிருந்தான். இராச்சோற்றை நிறுத்தியாயிற்று, உடம்பு அதில் இளைக்கும். ரொட்டியை மெஷின் பார்த்துக்கொள்ளும். இப்படிக் கணக்குப் போட்டு இராஜம்மா தினமும் இரண்டு ரொட்டி வைத்தாள். அவர் ஒன்றோடு எழுந்தாலும் விடமாட்டாள். "ஓடிச் சம்பாதிச்சதுதானே, சாப்பிடுங்க லா."

பாவி மனுஷி, ஆசையாய்த்தான் வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து கிளினிக் தராசில் ஏறினார். டாக்டர் முகம் சுளித்தார். "தொண்ணூத்தி மூணு கிலோ. மூணு கிலோ ஏறியிருக்கே அங்கிள்!"

"அப்போ முந்தி தொண்ணூறா? நான் நூத்தம்பதாச்சே டாக்டர்!"

சொல்லி வாய் மூடவில்லை, அவருக்கே உறைத்துவிட்டது. இரும்புக் கடைத் தராசு கட்டிக் கணக்கு. பாசாரில் மீன் நிறுப்பார்களே, அதே கட்டி. ஒரு கட்டி ஒரு கிலோ ஆகுமா? அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். மெஷினோ நூற்றைம்பது கிலோ மலை ஓடுகிறதென்று நம்பிக் கலோரியை வாரி வழங்கியிருக்கிறது. டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. அன்றே சாவி லோரி முதலாளி கைக்குத் திரும்பிப் போயிற்று.

சாயங்காலம் தம்புசாமி மெஷினில் ஏறினார். தொண்ணூற்று மூன்றைத் தட்டினார். எப்போதும்போலவே ஓடி, நனைந்து, இறங்கினார்.

"எவ்ளோ?"

இராஜம்மா குனிந்து பார்த்துச் சொன்னாள். "முந்நூத்தி எழுவதுங்க."

தம்புசாமி வெறும் ஆணியைப் பார்த்தார். "அப்போ ஒரு ரொட்டிக்குத்தான் ஓடியிருக்கேன். ரெண்டாவது ரொட்டிதான் என் லோரியத் தின்னுருச்சு."

அவர் யாரையும் குறை சொல்லவில்லை. இராஜம்மாதான் அடுப்படிக்குப் போய், மூடிவைத்திருந்த தட்டைத் திறந்தாள். பழக்கதோஷம், இன்றைக்கும் இரண்டு வைத்திருந்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.