மயில் கழுத்துக்கு இரண்டு படம்

பி.காம். முடித்த கையோடு, காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் இருந்த ஒரு பட்டுப் புடவைக் கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தேன். இரண்டாயிரம் பிறந்து மூன்று நான்கு வருஷம் ஆகியிருக்கும். திருப்புட்குழியிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோவேன். ஒருநாள் முதலாளியின் மருமகன் சிங்கப்பூரிலிருந்து வந்தவர், ஒரு டிஜிட்டல் கேமராவைக் கொடுத்துவிட்டுப் போனார். அங்கே அவருக்குத் தெரிந்த குடும்பத்தினர் காஞ்சிபுரம் வராமலே புடவை வாங்க ஆசைப்பட்டார்களாம். படம் எடுத்து மெயிலில் அனுப்பினால் போதும் என்றார்.

"கம்ப்யூட்டர் கிளாஸ் போனது நீதானேம்மா, நீயே எடு" என்று முதலாளி கேமராவை என் மேஜையில் வைத்தார். கம்ப்யூட்டருக்கும் கேமராவுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. அதுவரை கேமராவுக்கு முன்னால் நின்றிருக்கிறேனே தவிர, அதைக் கையில் பிடித்ததில்லை.

மாடி அறையில் வெள்ளைத் துணி விரித்து ஆரம்பித்தோம். புடவையை விரித்துக் காட்ட சேல்ஸ்மேன் அண்ணன் வந்தார். ஐம்பது வயதுக்காரர், வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ். ஆறு கஜத்தையும் ஒரே உதறலில் தரையில் படுக்கவைத்துவிடுவார். பத்துப் புடவை எடுத்தேன். மாலையில் பிரவுசிங் சென்டருக்குப் போய்த் திறந்து பார்த்தால், ஃபிளாஷ் வெளிச்சத்தில் ஜரிகையெல்லாம் வெள்ளை வெளேரென்று எரிந்தது. புடவையின் உடல் கறுத்துக் கிடந்தது. நான்கு படங்களில் அண்ணனின் கால் கட்டைவிரல் தெளிவாக விழுந்திருந்தது.

மறுநாள் ஃபிளாஷை அணைத்துவிட்டு டியூப்லைட்டில் எடுத்தேன். படங்கள் ஆடிப்போயின. கேமராவோடு வந்த புத்தகத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். பொத்தானைப் பாதி அழுத்தி, கேமரா 'பீப்' என்ற பிறகுதான் முழுதாக அழுத்த வேண்டும் என்று போட்டிருந்தது. நான் அதுவரை காலிங்பெல் அடிப்பதுபோல அடித்துக்கொண்டிருந்தேன். நாற்காலியின் முதுகில் முழங்கைகளை ஊன்றி, மூச்சை நிறுத்தி, பாதி அழுத்தி எடுத்தபோது முதல் தடவையாக ஜரிகைப் பூவின் ஒவ்வொரு இதழும் தெரிந்தது.

ஆனால் நிறம் வரவில்லை. அரக்கு தக்காளி நிறமாக வந்தது. மாம்பழ மஞ்சளில் ஒரு பச்சை ஏறியிருந்தது. "வீட்டுக்கு வந்த புடவையும் படத்துல பார்த்த புடவையும் வேறயாம்" என்று முதலாளி இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

பில் மேஜையிலிருந்து பார்த்தால் கடை வாசல் தெரியும். வாங்க வருகிற பெண்கள் எவ்வளவு விளக்கு போட்டுக் காட்டினாலும் கடைசியில் புடவையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். இதைத் தினமும் பார்த்திருக்கிறேன். கேமரா கைக்கு வந்து மூன்று வாரம் கழித்துத்தான் உறைத்தது. அன்றே புடவைகளை மாடி வராந்தாவுக்குக் கொண்டுபோனேன். நேர் வெயில் படாத, ஆனால் வெளிச்சம் நிறைந்த இடம். கேமராவில் வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறத்தைச் சரிசெய்ய, சூரியன், மேகம், பல்பு என்று சின்னப் படங்கள் போட்ட ஒரு மெனு இருந்தது. ஒரே அரக்குப் புடவையை ஒவ்வொன்றிலும் எடுத்து, எது எது என்று ஒரு தாளில் குறித்துக்கொண்டேன். மேகம்தான் சரியாக வந்தது. அதன் பிறகு புகார் நின்றது.

அப்போதுதான் அந்த மயில் கழுத்துப் புடவை வந்தது. நெடுக்கே ஓடும் பாவு நூல் ஒரு நிறம், குறுக்கே ஓடும் ஊடை நூல் ஒரு நிறம் என்று நெய்தது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் நீலம், அந்தப் பக்கம் போனால் பச்சை. எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தாலும் பாதிப் பொய் சொல்வதுபோல இருந்தது. அதனால் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு படம் எடுத்து அனுப்பினேன். கூட ஒரு வரி எழுதியிருக்கலாம். தோன்றவில்லை.

இரண்டு நாள் கழித்து சிங்கப்பூரிலிருந்து ஃபோன் வந்தது. முதலாளி ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, மயில் கழுத்து நம்மகிட்ட எத்தினி இருக்குது?"

"ஒண்ணுதான் சார்."

"இந்தம்மா ரெண்டு கேட்டுக்கினு இருக்காங்க. நீலம் அவங்களுக்காம், பச்சை நாத்தனாருக்காம்."

"ரெண்டும் ஒரே புடவை சார். நான்தான் ரெண்டு பக்கம் எடுத்தேன்."

"அதை நீயே சொல்லு."

சொன்னேன். அந்த அம்மா நம்பவில்லை. "நீலத்த வேற யாருக்கோ வித்துட்டு, இப்போ பச்சையத் தள்ளப் பாக்கிறீங்களா? ரெண்டு நிறமும் ஒரே படத்துல தெரியட்டும். அப்புறம் பேசலாம்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் காலை முழுக்க வராந்தாவில்தான். குனிந்து எடுத்தேன், ஸ்டூல் மேல் ஏறி எடுத்தேன். ஒன்று நீலம், இல்லாவிட்டால் பச்சை. ஒரு ஜோடி பேட்டரி தீர்ந்து இன்னொரு ஜோடி போட்டாயிற்று.

"நீ எடுத்து முடிக்கறதுக்குள்ள இது வெளுத்துப்போயிடும்மா" என்று சேல்ஸ்மேன் அண்ணன் சலித்துக்கொண்டு புடவையை வாரி மடிக்கத் தொடங்கினார். பாதி கையில், பாதி தரையில். தரையில் கிடந்தது நேராக இருந்தது. அவர் கையிலிருந்தது திரும்பிக் குறுக்கே விழுந்தது. கீழே பச்சை, மேலே நீலம்.

"அண்ணா, அப்படியே இருங்க!"

"எப்படி?"

"மடிக்காதீங்க. மூச்சுகூட விடாதீங்க."

மூன்று எடுத்தேன். இரண்டாவது சரியாக இருந்தது. ஓரத்தில் அவர் கை தெரிந்தது. அப்படியே அனுப்பினேன், இந்தத் தடவை 'இது ஒரே புடவை' என்று எழுதி.

அந்த அம்மா மறுபடி ஃபோன் செய்து என்னிடமே பேசினார். "சரிம்மா, ஒத்துக்கறேன். இத எனக்கு அனுப்பிடுங்க. நாத்தனாருக்கு இதே மாதிரி இன்னொண்ணு நெய்யச் சொல்லுங்க. அவங்க படத்தப் பாத்துட்டு விட மாட்டேங்கறாங்க."

அடுத்த மாதம் பில் போட வேறொரு பெண்ணை எடுத்தார்கள். நான் கேமராவும் மாடி வராந்தாவுமாக இருந்துகொண்டேன்.

ஆட்களைப் படம் எடுப்பது வேறு வித்தை என்பது என் சித்தி மகள் கல்யாணத்தில் தெரிந்தது. கடைக் கேமராவை இரவல் கேட்டு வாங்கிப்போய், மணமேடையில் பெருமையாக எடுத்துத் தள்ளினேன். பிரிண்ட் வந்ததும் சித்தி ஒவ்வொன்றாகப் புரட்டினார்.

"புடவை எல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்றார். "பொண்ணு மூஞ்சி எங்கடீ?"